மாடிப்படிக்குக் கதவு வேண்டாம்

செப்டம்பர் 6

நாணல்திட்டு வந்து சேர்ந்தாயிற்று. கொள்ளிடத்தின் நடுவே, நாலா பக்கமும் ஆறு சூழ்ந்த மேடு. பஸ் கிடையாது, படகுதான். படகுக்காரர் என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "எத்தினி நாளைக்கு?" என்று கேட்டார். விண்ணப்பம் முடிகிற வரைக்கும் என்றேன். புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

வேலை இதுதான். ஆறு பெருகினால் இந்த ஊர்ச் சனம் ஏறி நிற்கப் போதிய இடமில்லை. தூண் எழுப்பி, மாடி வைத்து, வெள்ளத்துக்கு ஒதுங்க ஒரு கூடம் கட்டித் தர வேண்டும். அதற்கு நிதி கொடுக்க ஒரு அறக்கட்டளை இருக்கிறது. நவம்பர் பத்தாம் தேதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். எங்கள் டிரஸ்டில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "புனிதா, ஆபீஸில் உட்கார்ந்து எழுதினால் அட்டையில் செய்த ஊர் மாதிரி இருக்கும். அங்கேயே போய் எழுது" என்று சாமுவேல் சார் அனுப்பி வைத்துவிட்டார். அவர் மட்டும் மின்விசிறிக்குக் கீழேயே இருப்பார்.

தங்க இடம் கிடைத்தது பழைய விதைக் கிடங்கின் மாடியில். ஊரில் மாடி என்று இருப்பது இது ஒன்றுதான். ஓர் அறை, மிச்சமெல்லாம் மொட்டை மாடி. வெளிப்பக்கமாகப் படி ஏறுகிறது. படியின் அடியில் ஒரு கம்பிக் கதவு. லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் இருப்பதால் கையோடு கொண்டுவந்த பூட்டைப் போட்டுவிட்டேன்.

சாப்பாடு பவுனாம்பாள் அக்கா வீட்டில். அறுபது வயதிருக்கும், தனி ஆள். முன்பு கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தவராம். "அக்கா, கொஞ்சம் ரசம், ப்ளீஸ்" என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டு, "அதென்னம்மா ப்ளீசு, நாங்க போடாமயா போயிருவோம்?" என்று சிரித்தார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க எனக்கு 'ப்ளீஸம்மா' என்று பேராகிவிட்டது.

செப்டம்பர் 9

இன்று பெண்களைக் கூட்டி ஊர் வரைபடம் போடச் சொன்னேன். எங்கள் வேலையில் இது வழக்கம். மண்தரையைத் தெளித்து, கோலப்பொடியால் அவர்களே தெரு, வீடு, கிணறு, கோயில் எல்லாம் வரைவார்கள். அதைப் படம் பிடித்து விண்ணப்பத்தோடு வைத்தால் அறக்கட்டளைக்காரர்கள் உருகிப்போவார்கள்.

அருமையாக வரைந்தார்கள். ஆற்றுக்கு நீலப்பொடி, வயலுக்குப் பச்சை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டாள். ஊரின் கிழக்கே, கீழ்க்கோடியில் மட்டும் ஒரு கட்டம், யார் போட்டது என்று நான் கவனிக்கவில்லை. காலையில்தான் அங்கே போய்ப் பார்த்திருந்தேன். எருக்கஞ்செடி மண்டிய வெறும் மேடு அது.

"இங்கே வீடு இல்லையே, அழிச்சிடலாமா?" என்று குனிந்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும் மேடம்" என்றாள் ஒருத்தி. அதுவரை ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். பவுனாம்பாள் அக்கா அந்தக் கட்டத்துக்கு உள்ளே மஞ்சள்பொடியை ஒரு சிட்டிகை தூவினார்.

செப்டம்பர் 12

பூட்டை உடைத்திருக்கிறார்கள். உடைத்த பூட்டை முதல் படியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. மாடியில் ஒரு பேனாகூடக் காணாமல் போகவில்லை. திருடவும் தெரியாத திருடனை இன்றுதான் பார்க்கிறேன்.

அணைக்கரைக்கு ஆள் அனுப்பி இன்னும் பெரிய பூட்டாக வாங்கி வரச் சொன்னேன்.

செப்டம்பர் 15

பெரிய பூட்டும் போயிற்று.

செப்டம்பர் 21

ஊர்த் தலைவர் வைத்திலிங்கத்திடம் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆற அமரக் கேட்டுவிட்டு, "பூட்டாம இருங்களேம்மா. ஒங்க சாமான் போச்சுன்னா நான் பொறுப்பு" என்றார். உடைக்கிற பையன்களைக் கண்டிக்கலாமே என்றேன். "பையனுவன்னு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு ஊரே சேர்ந்துகொண்டு என்னை ஆட்டிவைக்கிற மாதிரி எரிச்சலாக வருகிறது.

ஆண்களுக்குத் தனியாக வரைபடக் கூட்டம் நடத்தினேன். பெண்கள் போட்ட படத்தை இவர்கள் பார்க்கவில்லை. ஆனாலும் கீழ்க்கோடியில் அதே கட்டம் வந்தது. ஊரிலேயே மேடான புறம்போக்கு அது ஒன்றுதான், கூடம் கட்டினால் அங்கேதான் கட்ட வேண்டும். இடம் காலி என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, வீடு இருக்கிற படத்தை இணைத்தால் என்னைப் பைத்தியம் என்பார்கள். படத்தைப் பக்கவாட்டில் வெட்டி அந்த மூலையை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 28

இன்று மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. தண்ணீர் வடிந்த மடுவில் ஊர் கூடி மீன் பிடித்தார்கள். கெண்டையும் கெளுத்தியும் விராலுமாக வாழையிலையில் குவித்து, வீட்டுக்கு ஒரு கூறு என்று வரிசையாகப் போட்டார்கள். வைத்திலிங்கம் பேர் சொல்லிக் கூப்பிட, ஆள் ஆளாக வந்து எடுத்துக்கொண்டார்கள். விருந்தாளி என்று எனக்கும் ஒரு கூறு.

எல்லோரும் எடுத்த பிறகும் ஒரு கூறு அப்படியே கிடந்தது. நல்ல விரால் இரண்டு அதில் இருந்தன. எண்ணிப் போடுவதில் தப்பு நடந்துவிட்டதாக்கும் என்று, "அக்கா, அதை நீங்க எடுத்துக்கலாமே" என்றேன். பவுனாம்பாள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வா வா, கொழம்புக்கு நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தேன். நாய்களையும் விரட்டவில்லை, காக்கையையும் விரட்டவில்லை. ஆனால் மனிதர் யாரும் அதன் அருகே போகவில்லை.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 3

சாயங்காலம் நல்ல மழை. வாசலில் உட்கார்ந்து 'திட்டத்தின் நோக்கம்' எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்க்கோடியிலிருந்து வாத்துகள் கத்துகிற சத்தம் வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக. எனக்கு வாத்து முட்டை பிடிக்கும். குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். எருக்கஞ்செடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

சாப்பிடும்போது, "இங்கே யார் வீட்டில் அக்கா வாத்து வளர்க்கிறாங்க?" என்று கேட்டேன். அக்காவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

"இந்த ஊர்ல யாரும் வாத்து வளக்குறதில்ல" என்றார். கரண்டியை எடுத்துத் துடைத்துவிட்டு, "ஒனக்கும் கேட்டுச்சா?" என்றார்.

தவளையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தவளைதான்.

அக்டோபர் 10

சாமுவேல் சார் போன் செய்தார். முன்கூட்டி அனுப்பியிருந்த வரைவை அறக்கட்டளையில் ஒருமுறை வாசித்துவிட்டார்களாம். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார்களாம், எனக்கு அது தெரியாதா. ஆனால் ஒரு கேள்வி. "நாணல்திட்டில் வெள்ளத்தால் உயிரிழப்பே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்த ஊருக்கு ஏன் முதலில் தர வேண்டும்? உயிரிழப்பு உள்ள ஊர்கள் வரிசையில் நிற்கின்றனவே."

"யாராவது போயிருக்காங்களான்னு விசாரி, புனிதா" என்றார். மளிகைக் கடையில் சாமான் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். நானும் அதே குரலில்தான் சரி என்றேன்.

அக்டோபர் 14

வீடு வீடாகக் கேட்டாயிற்று. ஒன்பது வருஷத்துக்கு முந்திப் பெரிய வெள்ளம் வந்தது, விதைக் கிடங்கு மாடியில் ஏறித் தப்பித்தோம், ஆடு மாடுதான் போச்சு. எல்லா வீட்டிலும் இதே பேச்சு, இதே வரிசையில். மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கிற மாதிரி.

தாலுகா ஆபீஸில் பழைய வெள்ளக் கணக்கைப் பார்த்தேன். உயிரிழப்பு இல்லை என்றுதான் போட்டிருந்தது. வாத்து மேய்க்கும் காத்தமுத்து குடும்பம், வெள்ளத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டது என்று ஊரார் சொல்லியிருக்கிறார்கள். வாத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள்தானே, அதிகாரிகளும் நம்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது படகுக்காரர் எங்கே போய் வருகிறேன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 19

இன்று கூட்டத்தில் கட்டட வரைபடத்தைத் திரையில் காட்டினேன். தூண், கூடம், கழிவறை, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். மாடிப்படிக்கு வந்தோம். படியின் அடியில் மடக்குக் கதவு. அறக்கட்டளை கட்டும் எல்லாக் கூடத்துக்கும் இதே வரைபடம்தான். உள்ளே சாமான் இருக்கும் அல்லவா, பாதுகாப்பு வேண்டுமே.

"அந்தக் கதவு வேணாம்" என்றார் வைத்திலிங்கம்.

மாற்ற முடியாது என்றேன். மாற்றினால் காரணம் எழுத வேண்டும், ஆயிரம் கேள்வி வரும், பத்தாம் தேதிக்குள் முடியாது. ஒரு கதவுக்காகக் கட்டடத்தையே விடுவீர்களா என்று கேட்டேன்.

"அப்ப கட்டடமே வேணாம்" என்றது ஒரு குரல். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆறு பெருகினால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற சனம், கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் யாராவது செத்தால்தான் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருவர்கூடத் திருப்பித் திட்டவில்லை. அதுதான் என்னமோ செய்கிறது.

அக்டோபர் 22

மூன்று நாளாகச் சாப்பாடு ஒரு சிறுமி கையில்தான் வந்தது. இன்று மத்தியானம் பவுனாம்பாள் அக்கா தானே தூக்குச்சட்டியோடு வந்தார். மாடி ஏறவில்லை, மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அன்னிக்கி மேல நிக்க எடமில்லம்மா. ஒரு பக்கம் கைப்பிடிச் செவுரு வெடிச்சு விழுந்துருச்சு. இன்னம் ரெண்டு பேரு ஏறுனா மொத்தமும் உக்காந்துரும்னு கெலி. அப்ப யாரோ, 'கதவச் சாத்து'ன்னாங்க. கெடங்குச் சாவி எங்கிட்டதான். எறங்கிப் போயிப் பூட்டிட்டேன். அப்பறந்தான் காத்தமுத்து வந்தான். பொண்டாட்டி அஞ்சலை, மூணு புள்ளைங்க. கூண்டுல வாத்து வேற. கதவ உலுக்குனான். அக்கா, அக்கான்னு என்னயத்தான் கூப்ட்டான்."

"நீங்க திறக்கலையா?"

"சாவி கையிலதான் இருந்துச்சு."

அவராகவே சொன்னார்.

"கொஞ்ச நேரம் புள்ளைங்க சத்தம் கேட்டுச்சு. அப்பறம் வாத்துச் சத்தம் மட்டுந்தான்."

சாத்தச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"இன்னிக்கி வரைக்கும் தெரியாது. தாந்தான் சொன்னதா வைத்திலிங்கம் நெனச்சுக்கிட்டு இருக்காரு. நாந்தான் சொன்னேன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொருத்தரும் அப்டித்தான். அவங்கவங்க கொரலாத்தான் காதுல கேக்குது."

பூட்டை உடைத்தது யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் உடைப்பாராம். முதல் பூட்டு வைத்திலிங்கத்தின் கை வேலை.

எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கையால் சமைத்ததையா இத்தனை நாள் சாப்பிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். நானாக இருந்தால் திறந்திருப்பேன்.

அக்டோபர் 24

இதை எழுதினால் நிதி கிடைக்கும். ஐந்து உயிர். எழுதினால் ஊர் மாட்டிக்கொள்ளும். எழுதாவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கும் இதே மாடிதான். அவர்களே முடிவு செய்யட்டும் என்று கோயில் வாசலில் கூட்டிச் சொன்னேன்.

"கேஸ் வருமா?" என்று வைத்திலிங்கம் கேட்டார். வரலாம் என்றேன்.

பவுனாம்பாள் அக்காதான் முதலில் எழுந்தார். "வந்தா வரட்டும். நான் போறேன். காத்தமுத்து பேரு எங்கியாச்சும் ஒரு எடத்துல இருக்கணும்ல. எழுதிக்க, ப்ளீஸம்மா" என்றார்.

"எம்பேரையும் போட்டுக்குங்க" என்றார் வைத்திலிங்கம். பிறகு ஒவ்வொரு பக்கமிருந்தும் பேர் வந்தது. கூடத்தைக் கீழ்க்கோடியில், காத்தமுத்து மனையில் கட்டச் சம்மதம். மாடிப்படிக்குக் கதவு மட்டும் கூடாது.

கூட்டம் முடிந்த கையோடு கடப்பாரை கொண்டுவந்து கிடங்குப் படியின் கம்பிக் கதவையும் பெயர்த்துவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்தமுத்து மனையில் கிடத்தினார்கள். இனி என் லேப்டாப்புக்கு யார் காவல் என்று முணுமுணுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அக்டோபர் 29

விண்ணப்பம் ஏறக்குறைய முடிந்தது. 'நிலையான வரைபடத்தில் மாற்றம் இருப்பின் காரணம்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். 'சமூகத்தின் உணர்வுகளை மதித்து' என்று ஆரம்பித்தால் கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

நவம்பர் 3

விடாத மழை. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். கரையிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். படகு நின்றுவிட்டது.

நவம்பர் 4

காலையிலேயே தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பர் 6

நேற்று தண்ணீர் வடியத் தொடங்கியது. நோட்டை இன்றுதான் எடுக்கிறேன்.

நாலாம் தேதி மத்தியானத்துக்குள் ஊரே மாடியில் இருந்தது. என் அறையில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும். மற்றவர்கள் மொட்டை மாடியில், தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு. நிற்கத்தான் இடம், உட்கார இல்லை. தண்ணீர் படியில் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. அடியில் கட்டடம் அதிர்வது பாதத்தில் தெரிந்தது. வடக்குப் பக்கம் பழைய விரிசல் வாய் திறந்து, ஒரு துண்டுச் சுவர் தண்ணீருக்குள் போயிற்று. எனக்கு நீச்சல் தெரியாது.

அப்போதுதான் கீழே அவர்கள் வந்தார்கள். திட்டின் மறுகோடியில் குடிசை போட்டிருந்த, கோரை அறுக்க வந்த வெளியூர்க்காரர்கள். ஏழு பேர். மார்பளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, ஒரு கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டைப் பிடித்துவிட்டார்கள்.

மேலே யாரோ கத்தினார்கள். "இனிமே இடமில்லை, எல்லாம் விழுந்துடும், ப்ளீஸ், அந்தக் கதவைச் சாத்துங்க, ப்ளீஸ்" என்று.

யாரும் நகரவில்லை. சாத்தக் கதவு இல்லை.

ஏழு பேரும் ஏறி வந்தார்கள். வைத்திலிங்கம் கைக்குழந்தையை வாங்கினார். எல்லோரும் இன்னும் ஒட்டி நின்றோம். எப்படியோ இடம் இருந்தது. கட்டடம் நின்றது. ராத்திரி முழுக்க அந்தக் குழந்தை என் தோளில்தான் தூங்கியது, வேறு தோள் காலியாக இல்லை.

நவம்பர் 7

மாடியிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். பவுனாம்பாள் அக்கா எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது நின்று, என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"குடி. நீயும் எங்காளுதான்" என்றார்.

கடைசியாக ஒரு தட்டில் கஞ்சி ஊற்றி, மேல்படியில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கீழே, எருக்கஞ்செடி மூழ்கிய தண்ணீரில் வாத்துகள் கத்தின. தவளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 9

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். சாமுவேல் சார் உடனே கூப்பிட்டார். மற்றதெல்லாம் பிரமாதம், அந்தக் கதவுக் கட்டத்தில் எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவிடலாமா, உன் வேலைக்கே பாதகமாகலாம் என்றார். எடுக்க வேண்டாம் என்றேன்.

நிதி வருமா, கேஸ் வருமா, எனக்கு வேலை இருக்குமா, ஒன்றும் தெரியாது. எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"நிலையான வரைபடத்தில் மாற்றம்: மாடிப்படிக்குக் கதவு வேண்டாம்.

காரணம்: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் படிக்குக் கதவு இருந்தது. காத்தமுத்து, அஞ்சலை, அவர்களுடைய மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். இந்த நவம்பர் நான்காம் தேதி கதவு இல்லை. ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அன்று கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தியது இந்த விண்ணப்பத்தை எழுதுகிற நான்."